வெள்ளி ராத்திரி பூசி ஞாயிறு ராத்திரி அழிக்க: பிரிட்டன் கடைகளில் எந்த நெயில் பாலிஷ்?

நான் லண்டனில் ஒரு மருத்துவமனை வார்டில் வேலை பார்க்கிறேன். இங்கே நோயாளியைத் தொட்டு வேலை செய்பவர் யாரும் முழங்கைக்குக் கீழே எதுவும் அணியக் கூடாது. சுகாதாரத் துறை 2007இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. கைக்கடிகாரம், வளையல், கல் வைத்த மோதிரம், நெயில் பாலிஷ் எல்லாமே தடை. கல் இல்லாத ஒற்றை மோதிரத்தை மட்டும் பெரும்பாலான இடங்களில் விட்டுவிடுவார்கள். ஆக என் நகங்களுக்கு வெள்ளி ராத்திரியிலிருந்து ஞாயிறு ராத்திரி வரைதான் வாழ்வு. சில வாரங்களில் அதுவும் கிடையாது, சனிக்கிழமை ஷிப்ட் வந்துவிடும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நெயில் பாலிஷை மதிப்பிடுபவர்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை நாள் தாங்கும்?" என்பதுதான். எனக்கு அந்தக் கேள்வியே தேவையில்லை. எவ்வளவு சீக்கிரம் காயும், எவ்வளவு சீக்கிரம் அழியும், இந்த இரண்டும்தான் எனக்குக் கணக்கு. என் நிலையில் இருக்கிற நர்ஸ்கள், முதியோரையும் நோயாளிகளையும் பார்த்துக்கொள்ளும் கேரர்கள், சமையலறை வேலை செய்பவர்கள் இந்த ஊரில் ஏராளம். அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அதையும் சொல்கிறேன்.

முதலில் கடை. பிரிட்டனில் மலிவான நெயில் பாலிஷ் என்றால் பூட்ஸ், சூப்பர்டிரக் என்ற இரண்டு பெயர்கள்தான் வாயில் வரும். பூட்ஸ் 1849இல் நாட்டிங்ஹாமில் ஒரு மூலிகைக் கடையாகத் தொடங்கியது. இன்றும் மருந்துச் சீட்டோடு மருந்து வாங்கப் போனவர் கையில் ஒரு லிப்ஸ்டிக்கோடு திரும்புகிற இடம். சூப்பர்டிரக் 1964இல் வந்தது. விலை அங்கே கொஞ்சம் இறங்கும், இசை கொஞ்சம் ஏறும். இரண்டிலும் அடிக்கடி 'மூன்றுக்கு இரண்டு' சலுகை போடுவார்கள். மூன்று எடுத்தால், அவற்றில் விலை குறைந்தது இலவசம். இந்தச் சலுகையில் ஒரு சூட்சுமம் உண்டு. எட்டு பவுண்டுக்கு ஒன்று, ஐந்து பவுண்டுக்கு ஒன்று, இரண்டு பவுண்டுக்கு ஒன்று என்று எடுத்தால், உங்களுக்கு இலவசமாகக் கிடைப்பது அந்த இரண்டு பவுண்ட் பாட்டில்தான். ஐந்து பவுண்டுக்கே மூன்றும் எடுத்தால் பத்து பவுண்டில் முடிந்தது, பாட்டில் ஒன்று மூன்று பவுண்ட் சொச்சம். ஆகவே ஒரே விலையில் மூன்று எடுப்பதுதான் லாபம். இந்தக் கட்டுரையில் நான் தேடுவதும் அதுதான்: பத்து பவுண்டுக்குள் மூன்று பாட்டில்.

விலைகளைத் தோராயமாகத்தான் சொல்கிறேன். மாதத்துக்கு மாதம் மாறும், கடையின் உறுப்பினர் கார்டு வைத்திருப்பவருக்கு ஒரு விலை, இல்லாதவருக்கு ஒரு விலை.

ரிம்மலில் தொடங்கலாம், வயதில் மூத்தது அதுதான். 1834இல் லண்டனில் ஒரு வாசனைத் திரவியக் கடையாக ஆரம்பித்தது. அதை வளர்த்த யூஜின் ரிம்மல் பிரெஞ்சுக்காரர். பிரெஞ்சு, இத்தாலியம், போர்த்துக்கீசு, துருக்கி போன்ற மொழிகளில் 'ரிம்மல்' என்றாலே மஸ்காரா என்று பொருளாகிவிட்டது, நம்மூரில் கியூடெக்ஸ் ஆன மாதிரி. என் அம்மா இன்றைக்கும் எந்த நெயில் பாலிஷையும் கியூடெக்ஸ் என்றுதான் சொல்வார். என்னோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து அக்காவும் அப்படித்தான். அது ஒரு அமெரிக்கக் கம்பெனியின் பெயர் என்று சொன்னால் இருவரும் நம்புவதில்லை. அது போகட்டும். ரிம்மல் பாட்டில் மேல் 'லண்டன்' என்று பெரிதாகப் போட்டிருந்தாலும், 1996 முதல் அது கோட்டி என்ற பன்னாட்டுக் கம்பெனியின் சொத்து. 'பிரிட்டிஷ்' என்ற சொல்லை இந்த அலமாரிகளில் கொஞ்சம் தளர்வாகத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ரிம்மலில் எனக்கு வேண்டியது '60 செகண்ட்ஸ் சூப்பர் ஷைன்' வரிசை. எட்டு மில்லி குட்டிப் பாட்டில், நான்கு பவுண்ட் பக்கம். பிரஷ் அகலம், நகத்தின் மேல் நடுவில் ஒரு இழுப்பு, இரு பக்கமும் ஒவ்வொரு இழுப்பு, வேலை முடிந்தது. அறுபது நொடி என்பதை எப்படிப் புரிந்துகொள்வது என்று சொல்கிறேன், ஏனென்றால் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சாதாரண நெயில் பாலிஷ் பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ் என்ற பிசினை எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட் போன்ற கரைப்பான்களில் கரைத்து வைத்ததுதான். பூசியதும் கரைப்பான் பறந்துபோகும், பிசின் படலமாக நிற்கும். மேற்பரப்பிலிருந்து அது முதலில் பறக்கும், அடியிலிருந்து மெல்லத்தான் வெளியேறும். தொட்டால் ஒட்டவில்லை என்ற நிலை ஒரு நிமிடத்தில் வரலாம். பையில் கை விட்டுச் சாவி தேடுகிற நிலை வர இன்னும் நெடுநேரம் ஆகும். நான் இது தெரியாத காலத்தில் ராத்திரி பதினொன்றரைக்குப் பூசிவிட்டுப் படுத்திருக்கிறேன். காலையில் பத்து நகத்திலும் போர்வையின் நெசவு அச்சுப் போட்டது போல இருந்தது. தப்பு பாட்டிலுடையது அல்ல, என்னுடையதுதான். தடிமனாக இரண்டு கோட் அடித்திருந்தேன். மெல்லிசாக இரண்டு, நடுவில் ஐந்து நிமிட இடைவெளி. வேகமாகக் காயும் பாலிஷுக்கு இதுதான் மரியாதை.

நிறத்தில் 'டபுள் டெக்கர் ரெட்' என்று ஒன்று உண்டு. லண்டன் பஸ் சிவப்பு. கூச்சமே இல்லாத சிவப்பு, நம் தோல் நிறத்துக்கு நன்றாக எடுக்கும். சிவப்புக்கு அடியில் பேஸ் கோட் போடாமல் விட்டால் நகம் மஞ்சள் பாரித்துப்போகும், திங்கட்கிழமை வார்டு சிஸ்டர் உற்றுப் பார்ப்பார். இது எல்லாக் கம்பெனிச் சிவப்புக்கும் பொது. அடர்நீலத்துக்கும்தான்.

அடுத்தது பேரி எம். இது வேறு கதை. பேரி மெரோ என்பவர் 1982இல் தொடங்கியது, பெயரே அவருடையதுதான். வடக்கு லண்டன் மில் ஹில்லில் சொந்தத் தொழிற்சாலை வைத்துத் தயாரித்துப் பேர் வாங்கிய பிராண்ட். அவர்கள் வார்த்தையில் இது நெயில் பாலிஷும் அல்ல, இங்குள்ளவர்கள் சொல்லும் 'நெயில் வார்னிஷ்'ஷும் அல்ல, 'நெயில் பெயின்ட்'. சுவருக்கு அடிக்கிற மாதிரி. அந்த விளையாட்டுத்தனம்தான் அவர்களுடைய பலம் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் இளஞ்சிவப்பில் பதினேழு வகை அடுக்கும் இடத்தில், இவர்கள் மஞ்சள், பச்சை, ஊதா, சாம்பல் என்று பரப்பி வைப்பார்கள். 'ஜெல்லி ஹை ஷைன்' வரிசைக்குப் பெரும்பாலும் பழங்களின் பெயர். 'குவாவா' என்று ஒரு ஷேட் இருந்தது. கொய்யா என்றதும் நான் வெளிர்ப்பச்சையோ உள்ளே இருக்கிற ரோஸோ என்று நினைத்துத் தேடினேன், அது நீலப்பச்சை. அவர்கள் எந்தத் தோப்பில் பறித்தார்களோ!

ஜெல்லி பாட்டில் பத்து மில்லி, நான்கிலிருந்து ஐந்து பவுண்ட். 'ஜெல்' என்ற சொல்லைப் பார்த்து, பூச்சை இறுகவைக்கும் விளக்கு வேண்டுமோ என்று பயப்படாதீர்கள், விளக்கு தேவையில்லை. சாதாரண பாலிஷ்தான், கொஞ்சம் கொழுகொழுவென்று, கண்ணாடி போட்டது மாதிரி பளபளப்பு. இந்த வகைப் பூச்சுகள் படலம் தடிமனாக நிற்பதால் காய நேரமெடுக்கும், அது அதன் இயல்பு. பதிலுக்கு நகத்தின் வரிகள், மேடு பள்ளம் எல்லாம் மறையும். நாற்பது தாண்டியவர்களுக்கு நகத்தில் நெடுக்கு வரிகள் விழும். அவர்களுக்கு ரிம்மலின் மெல்லிய பூச்சைவிட இதைத்தான் சொல்வேன். ரிம்மலிலும் இதே குணத்தில் 'சூப்பர் ஜெல்' இருக்கிறது, பன்னிரண்டு மில்லி, அதற்கு மேலே பூசத் தனி டாப் கோட் உண்டு. இரண்டும் சேர்த்து வாங்கினால் பட்ஜெட் அங்கேயே முடிந்துவிடும். அதனால் என் பட்டியலில் அது இல்லை.

மில்லி கணக்குப் பார்ப்பவர்களுக்கு ஒன்று. நானும் ஒரு காலத்தில் எட்டு மில்லி நான்கு பவுண்ட், பத்து மில்லி ஐந்து பவுண்ட், எது லாபம் என்று கடையில் நின்று போனில் வகுத்துப் பார்த்திருக்கிறேன். (இரண்டும் ஒரே கணக்குதான்.) இத்தனை வருடத்தில் நான் ஒரு பாட்டிலையாவது கடைசிச் சொட்டுவரை தீர்த்ததில்லை. பாதியில் கெட்டியாகிவிடும். நெயில் பாலிஷில் சின்ன பாட்டில்தான் சிக்கனம். கெட்டியானதில் ரிமூவர் ஊற்றாதீர்கள், படலமே கெட்டுப்போகும். அதற்கென்று தின்னர் விற்கிறது, இரண்டு மூன்று சொட்டு போதும். மூடுமுன் பாட்டிலின் கழுத்தைத் துடைத்து வைத்தால் அந்தச் செலவும் இல்லை.

பேரி எம்மில் 'ஏர் பிரீதபிள்' என்று ஒரு வரிசையும் உண்டு. நகம் மூச்சு விடும் என்கிற விளம்பரத்தை நான் பொருட்படுத்துவதில்லை. வெளியே தெரியும் நகம் இறந்துபோன கெரட்டின், அதற்கு வேண்டியது எல்லாம் அடியில் இருக்கும் ரத்தத்திலிருந்து வருகிறது. மூச்சு விட அதற்கு மூக்கும் இல்லை, அவசியமும் இல்லை. ஆனால் இந்த வகைப் பூச்சுகளை என்னுடைய முஸ்லிம் தோழிகள் வேறு காரணத்துக்காகத் தேடுகிறார்கள். தொழுகைக்கு முன் ஒளு செய்து கைகால் முகம் கழுவும்போது தண்ணீர் நகத்தைத் தொட வேண்டும். நீராவியை ஊடுருவ விடும் பூச்சு அந்தக் கணக்கில் சேருமா என்பதில் மார்க்க அறிஞர்களான ஆலிம்களிடையே ஒரே கருத்து இல்லை. என் தோழி ஒருத்தி தேநீர் வடிகட்டும் தாளில் பூசி, காயவைத்து, மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, அடியில் ஈரம் வருகிறதா என்று பார்த்தாள். தாள் ஒன்று, நகம் ஒன்று என்று அவளே சொல்லிச் சிரித்துவிட்டு, கடைசியில் தொழுகை இல்லாத மாதவிடாய் நாட்களில் மட்டும் சாதாரண பாலிஷ் போட்டுக்கொள்கிறாள். அது அவள் முடிவு.

சைவக்காரர்களுக்கும் இந்த அலமாரியில் ஒரு சங்கதி இருக்கிறது. முத்துப்போல் மினுங்கும் பழைய வகைப் பாலிஷ்களில் குவானின் என்ற பொருள் இருக்கும், மீன் செதிலிலிருந்து எடுப்பது. சில அழகுப் பொருட்களின் சிவப்புக்குக் கார்மைன், அது ஒரு பூச்சியிலிருந்து வருவது. பாட்டில் சின்னதாக இருப்பதால் சேர்மானப் பட்டியல் பெரும்பாலும் உரித்துப் பார்க்கிற ஸ்டிக்கருக்கு அடியில் இருக்கும். 75170 என்ற எண் குவானின், 75470 கார்மைன். 'வீகன்' என்று போட்டிருந்தால் இந்தத் தேடல் தேவையில்லை, இப்போது பல மலிவு பிராண்டுகள் அப்படித்தான் போடுகின்றன. விலங்குகள் மேல் சோதிப்பது தனிக் கேள்வி. பிரிட்டனில் அழகுப் பொருட்களுக்கு அது 1998இலேயே நிறுத்தப்பட்டது.

இனி இரண்டு பவுண்டுக்கும் கீழே. சூப்பர்டிரக்கில் எம்.யு.ஏ என்ற பிராண்ட் வந்த புதிதில் எதை எடுத்தாலும் ஒரு பவுண்ட் என்று விற்றது. பள்ளிக்கூடப் பெண்கள் மொய்ப்பார்கள். டபிள்யூ செவன் என்று இன்னொன்று, தள்ளுபடிக் கடைகளில் கூடை கூடையாகக் கிடைக்கும். வில்கோ கடைகள் 2023இல் மூடப்பட்ட பிறகு இப்படிச் சில்லறைக் காசில் வாங்கும் இடங்கள் கடைவீதியில் குறைந்துவிட்டன. இந்த விலையில் என் விதி ஒன்றுதான்: மினுக்கு, உலோக நிறம், கறுப்பு ஆகியவற்றை வாங்கலாம். வருடத்துக்கு இரண்டு முறை போடுகிற நிறத்துக்கு ஐந்து பவுண்ட் எதற்கு? வெளிர் நிறங்களை மலிவில் வாங்கத் துணிய மாட்டேன். வெள்ளையும் இளம் ரோஸும் திட்டுத் திட்டாகப் படியாமல் வருவதற்கு நிறமி நன்றாக அரைபட்டிருக்க வேண்டும், எந்த விலையிலும் கஷ்டமான நிறம் அது. பெயர் சொல்ல வேண்டாத ஒரு பாட்டிலில் நான்கு கோட் அடித்தும் நகத்தின் நுனி வெள்ளை தெரிந்துகொண்டே இருந்தது.

மினுக்கு வாங்கும்போது அழிப்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்கு, மறுநாள் காலை ஏழரைக்கு ஷிப்ட் என்ற நிலையில், பத்து நகத்திலும் ஜிகினாவைச் சுரண்டிக்கொண்டு உட்காருவது தண்டனை. ரிமூவரில் நனைத்த பஞ்சை நகத்தின் மேல் வைத்து அலுமினியத் தாளைச் சுற்றிப் பத்து நிமிடம் விட்டால் இறங்கும். அசிடோன் உள்ள ரிமூவர்தான் இதற்குச் சரி. அசிடோன் இல்லாதது தோலுக்கு மென்மை, ஜிகினாவிடம் அதன் பருப்பு வேகாது.

நம்பர் செவனை விட்டுவிட்டேனே. பூட்ஸின் சொந்தப் பிராண்ட், 1935இல் வந்தது. இங்குள்ள அம்மாக்களின் பிராண்ட் என்று சொல்லலாம். விலை மற்றவற்றைவிட ஒரு படி மேலே. ஒரு காலத்தில் பூட்ஸில் எதை வாங்கினாலும் பில்லோடு நம்பர் செவன் கூப்பன் நீட்டுவார்கள், அதைச் சேர்த்து வைத்து வாங்குவது ஒரு கலை. முழு விலைக்கு என்றால் என் பத்து பவுண்டில் அது அடங்காது. அவ்வளவுதான்.

கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: வீட்டிலேயே விளக்கு வைத்துப் போடும் ஜெல் பெட்டிகளை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. அவற்றின் அடிப்படை ஒளியில் இறுகும் அக்ரிலேட்டுகள் என்ற பொருட்கள். சரியாக இறுகாமல் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரும், வந்தால் அது வாழ்நாளுக்கும் தங்கலாம். பிரிட்டிஷ் தோல் மருத்துவர்கள் சங்கம் 2018இல் இதைப் பற்றி எச்சரித்தது. பிற்பாடு பல் அடைக்கும்போதோ மூட்டு அறுவைச் சிகிச்சையிலோ இதே குடும்பப் பொருட்கள் தேவைப்படலாம் என்பதுதான் கவலை. கையுறை போட்டே பிழைப்பு நடத்துகிற எனக்கு விரல் நுனியில் தடிப்பு வந்தால் வேலையே சிக்கல். மலிவான சாதாரண பாலிஷின் பக்கம் நான் நிற்பதற்கு விலை மட்டும் காரணம் அல்ல.

நம் வீட்டுச் சமையலில் இந்தப் பாட்டில்கள் எப்படி நிற்கின்றன என்று ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் யாரும் சொல்வதில்லை. அவர்கள் குழம்பு பிசைந்து சாப்பிடுவதில்லை. மஞ்சளின் நிறம் எண்ணெயில் கரைவது. சாம்பார் சோற்றில் அது ஒன்றும் செய்யாது என்று நினைக்கலாம், ஆனால் எண்ணெய் மிதக்கும் மீன் குழம்பில் வெளிர் ரோஸ் நகங்கள் ஒரே வேளையில் மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் போய்வந்த மாதிரி ஆகிவிடும். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அப்படித்தான். டாப் கோட் ஓரளவு தடுக்கும், முழுதாக அல்ல. ஆகவே சனிக்கிழமை மீன் வாங்குகிற வீடாக இருந்தால் சிவப்பு, மெரூன், பழுப்பு, நாவல்பழ நிறம், இந்தப் பக்கம் வாருங்கள். அடுத்த எதிரி பாத்திரம் தேய்ப்பது. நகம் தண்ணீரை உறிஞ்சி விரியும், காய்ந்ததும் சுருங்கும், மேலே இருக்கும் படலம் கூடவே விரிந்து சுருங்க முடியாமல் நுனியிலிருந்து பெயரும். குளித்த கையோடு பாலிஷ் போடக் கூடாது என்பதும் இதனால்தான்.

டாப் கோட்டுக்கு வருகிறேன், என் முடிவு இதில்தான் இருக்கிறது. நிறத்துக்கு நான்கு பவுண்ட் போடும் இடத்தில் இரண்டு பவுண்ட் போட்டாலும் பரவாயில்லை. வேகமாகக் காயும் நல்ல டாப் கோட் ஒன்று இருந்தால் எல்லா நிறமும் ஒரு படி ஏறிவிடும். ஈரமான நிறத்தின் மேலேயே பூசலாம், அடிப்படலத்தையும் சேர்த்து இறுக்கும், பளபளப்பு தரும். மலிவு பாலிஷுக்கும் விலை கூடியதுக்கும் இடையே நான் பார்த்த வித்தியாசத்தில் பாதி, மேலே என்ன போட்டோம் என்பதில் போய்விடுகிறது. நகத்தின் நுனி விளிம்பையும் பிரஷால் ஒரு முறை தடவி மூட வேண்டும். அங்கிருந்துதான் எல்லாப் பாலிஷும் பெயர ஆரம்பிக்கும். ரிம்மலிலும் பேரி எம்மிலும் டாப் கோட் கிடைக்கிறது, நிறப் பாட்டில்களின் விலையை ஒட்டியே. மூன்றுக்கு இரண்டில் அழகாகச் சேரும்.

ஆக, யார் எதை எடுப்பது? என்னைப் போல வாரக் கடைசி மட்டும் போடுபவர் என்றால் கைக்கு ரிம்மல் 60 செகண்ட்ஸ், யோசிக்க வேண்டாம். மெல்லிய படலம், சீக்கிரம் காயும், ஒரு பஞ்சில் இறங்கும். வாரம் முழுக்கப் போட்டுக்கொள்ள முடிகிற வேலை என்றால் பேரி எம் ஜெல்லி, கூட அரை மணி நேரம் டிவி முன்னால் சும்மா உட்காரத் தயாராக இருந்தால். பொறுமை இல்லை என்றால் எனக்கு உங்கள் மேல் கோபமில்லை, ரிம்மலுக்கே வாருங்கள். நிறத்தில் விளையாடுபவருக்கு பேரி எம்மைத் தாண்டி வேறு எங்கும் போகத் தேவையில்லை. ஒரே ஒரு கல்யாணத்துக்குப் பட்டுப்புடவைக்கு ஏற்ற தங்க நிறம் வேண்டும் என்றால் மலிவுக் கூடையில் தேடுங்கள்.

வார்டு விதி கால் விரலுக்குக் கிடையாது. மூடிய ஷூவுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்? அதனால் காலுக்கு ஜெல்லிதான் போடுகிறேன், காய்வதற்கு எவ்வளவு நேரம் எடுத்தாலும் சரி. கால் நகம் மெல்ல வளரும், பாத்திரமும் தேய்க்காது, மூன்று வாரம் அப்படியே நிற்கும். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்து லாக்கர் ரூமில் சாக்ஸைக் கழற்றும்போது அந்த ஊதாவைப் பார்ப்பதற்கு ஒரு சந்தோஷம்.

இந்த மாதம் ஊருக்குப் போகிறேன். சித்தி மகள்கள் இருவரும் வாட்ஸாப்பில் "அக்கா, லண்டன் நெயில் பாலிஷ்" என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். எரியும் திரவம் என்பதால் இவற்றை இங்கிருந்து வெளிநாட்டுக்கு அஞ்சலில் அனுப்ப முடியாது. பெட்டியில்தான் எடுத்துப் போக வேண்டும், ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் நிற்கவைத்து. மூன்றுக்கு இரண்டில் எடுத்தேன்: லண்டன் பஸ் சிவப்பு ஒன்று, ஜெல்லியில் ஒரு கருநீலம், ஒரு டாப் கோட். பத்து பவுண்டுக்குள் முடிந்தது, இலவசமாக வந்தது பஸ் சிவப்புதான். போனில் காட்டியபோது அம்மா கேட்டார்: "எனக்கு அந்த வெளுத்த ரோஸ் கியூடெக்ஸ் ஒண்ணு இல்லையாடி?" மஞ்சள், மீன் குழம்பு எல்லாவற்றையும் விளக்கினேன். "பரவால்ல, வாங்கிட்டு வா" என்றார். திரும்பக் கடைக்குப் போக வேண்டும்.